வேறு மாடலில் இருக்கும் கிளாஸைச் சுட்டுவது

ஒரு மாடலில் (நிரலை உருவாக்க நாம் எழுதும் வடிவமைப்பில்) எழுதிய கிளாஸ் இன்னொரு மாடலுக்கும் தேவைப்பட்டால் அதை நகலெடுத்து ஒட்டாதீர்கள். குழுவில் புதிதாகச் சேரும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான். 'வாடிக்கையாளர்' பொது மாடலிலும் பில்லிங் மாடலிலும் தனித்தனியாக இருந்தால், மாடலைப் படித்து நிரல் எழுதும் ஜெனரேட்டர் இரண்டு ஜாவா கிளாஸ்களை உருவாக்கும். அப்புறம் ஒன்றை மற்றதாக மாற்றும் நிரலைக் கையால் எழுத வேண்டும். அந்த வேலையைக் குறைக்கத்தானே மாடலுக்கே வந்தோம்?

சரி, நகலெடுக்காமல் சுட்டுகிறோம். எதை வைத்துச் சுட்டுவது? நான் பயன்படுத்தும் எக்லிப்ஸ் இஎம்எஃப்பில் (மாடல்களைக் கையாளும் ஜாவா கட்டமைப்பு), வேறு கோப்பில் உள்ள ஒன்றுக்கான சுட்டு யூஆர்ஐயாக, அதாவது ஒரு முகவரியாகச் சேமிக்கப்படும். முதல் பாதி கோப்பைச் சொல்லும், அடுத்த பாதி அந்தக் கோப்புக்குள் எங்கே என்று சொல்லும். சிக்கல் இந்த இரண்டாம் பாதியில்தான். இஎம்எஃப்பின் சொந்த வடிவமான ஈகோர் கோப்பாக இருந்தால் அங்கே கிளாஸின் பெயர் வரும். நாமே வடிவமைத்த மெட்டாமாடலில் (மாடலில் எவையெல்லாம் வரலாம் என்ற வரையறை) எழுதி எக்ஸ்எம்ஐ என்ற எக்ஸ்எம்எல் வடிவில் சேமித்த மாடலாக இருந்தால், நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை வரிசை எண்தான் பதிவாகும். யாராவது பொது மாடலை மட்டும் திறந்து, மேலே ஒரு கிளாஸைச் செருகிச் சேமித்தால் போதும். பில்லிங்கின் சுட்டு வாடிக்கையாளரை விட்டுவிட்டு அதற்கு முந்தைய கிளாஸைக் காட்டும். அதுவும் அதே வகைதான் என்பதால் பிழைச் செய்தி எதுவும் வராது. எனக்கு இதுதான் மிகவும் பயம். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் தரும் ஐடி பண்புக்கூறு இல்லாத மாடலை நான் பல கோப்புகளாகப் பிரிக்கவே விடமாட்டேன். குறைந்தபட்சம் யூயூஐடியாவது (தானாக உருவாகும் தனித்துவ அடையாளம்) இருக்க வேண்டும்.

பெயரால் சுட்டினால், பெயர் மாறும்போது சுட்டு அறுந்துபோகும். தவறான இடத்தைக் காட்டுவதைவிட அது மேல். ஆனால் இஎம்எஃப் அறுந்த சுட்டைப் பற்றிச் சத்தம் போடாது. இலக்குக்குப் பதிலாக ஒரு ப்ராக்ஸி (இடம்பிடித்து நிற்கும் பொருள்) வெறுமையாக நிற்கும், அதன் பெயரைக் கேட்டால் மதிப்பே இல்லை என்று பொருள்படும் 'நல்' வரும், உருவான நிரலில் ஒரு கிளாஸின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்' என்று அச்சாகும். எனவே பில்டில் ஜெனரேட்டருக்கு முன்னால் ஒரு படி வையுங்கள்: எல்லாச் சுட்டுகளையும் தீர்க்கச் சொல்லி, தீராத ப்ராக்ஸி ஒன்று இருந்தாலும் பில்டை நிறுத்துங்கள். இஎம்எஃப்போடு வரும் ஈகோர்யூட்டில் கிளாஸில் இதற்கான வசதி தயாராகவே இருக்கிறது.

முகவரியையும் குழு முழுக்க ஒரே மாதிரி எழுதுங்கள். ஒருவர் கோப்பின் இடத்தைச் சொல்லும் பிளாட்பார்ம் பாதையிலும் இன்னொருவர் மெட்டாமாடலுக்கு வைத்த அடையாளமான நேம்ஸ்பேஸ் யூஆர்ஐயிலும் ஒரே மெட்டாமாடலைச் சுட்டினால், நினைவகத்தில் அதன் இரண்டு பிரதிகள் ஏறிவிடும். பிறகு வாடிக்கையாளர் வாடிக்கையாளர் இல்லை என்று டூல் சாதிக்கும்.