ஹீட்டரில் வந்த குளிர்காற்று

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே நாங்கள் ரேஸ் தளத்தின் பேடக்கில், அதாவது கார்களைத் தயார்செய்யும் இடத்தில், டிரெய்லரை நிறுத்திவிட்டோம். அப்போதே எங்களுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். தலையில் விளக்கு கட்டிக்கொண்டு ஒருவர் தன் காருக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இன்னொருவர் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டிருந்தார். அந்த ரெஞ்சின் 'டக்' சத்தம் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது. மூன்று மாதமாகக் காத்திருந்த வார இறுதி அது.

என் கார் முப்பது வயதைத் தாண்டியது. இரண்டு பேர் உட்காரும் சின்னக் கார், 1600 சிசி, பின்சக்கர இழுவை, எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. வேகமான கார் இல்லை. ஆனால் வளைவில் என்ன செய்கிறது என்பதை ஸ்டீயரிங்கிலும் இருக்கையிலும் அப்படியே சொல்லிவிடும். என்னுடன் வந்தது என் அண்ணன். அவனுக்கு ரேஸ் ஓட்டுவதில் ஆசை கிடையாது. ஸ்பேனர் பிடிப்பதில்தான் ஆசை.

காலை பரிசோதனை சீக்கிரம் முடிந்தது. பெல்ட், தீயணைப்பான், ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி என்று வரிசையாகப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்தக் கருவியைத் தோளில் மாட்டும்போதெல்லாம் ராபர்ட் ஹப்பர்டையும் ஜிம் டவுனிங்கையும் நினைத்துக்கொள்வேன். ஒருவர் உடல் இயங்கியல் பேராசிரியர், மற்றவர் அவருடைய மைத்துனரான ரேஸ் ஓட்டுநர். 1980-களில் இருவரும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கருவியை ஃபார்முலா ஒன் 2003-இல்தான் கட்டாயமாக்கியது. என்னைப் போல விடுமுறை நாளில் மட்டும் ஓட்டுகிறவனின் கழுத்துக்கும் அவர்கள் காவல் இருக்கிறார்கள்.

முதல் பயிற்சியில் மூன்றாவது லேப், அதாவது மூன்றாவது முழுச் சுற்று வரை எல்லாம் சரியாக இருந்தது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்க வேண்டிய வலது வளைவு ஒன்று உண்டு. வழக்கமான இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சை மிதித்ததுபோல உள்ளே போனது. கார் வேகம் குறைந்தது, ஆனால் நான் கேட்ட அளவுக்கு இல்லை. உடனே காலை எடுத்து இரண்டாம் முறை மிதித்தேன், கியரையும் ஒன்று இறக்கினேன். வளைவின் வெளி விளிம்பில் ஒரு சக்கரம் மண்ணைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கையை உயர்த்திக் காட்டிவிட்டு மெதுவாகப் பாதையோரம் கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டுக்குள் வந்தேன்.

எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணன் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தான். "ஆயில் கொதிச்சிருக்குடா. எப்ப மாத்தின?" பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தெருவில் ஓட்டுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஒரு டன் காரை 160-லிருந்து 80-க்கு ஒரு முறை இறக்கும்போது வெளியேறும் சக்தி, இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒவ்வொரு லேப்பிலும் அப்படி நான்கைந்து முறை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. கால் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழிகளை அமுக்குவதிலேயே போய்விடுகிறது.

தகுதிச் சுற்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. காரை ஸ்டாண்டில் ஏற்றி நான்கு சக்கரங்களையும் கழற்றினோம். பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது நிரப்ப, பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அதிக தூரத்தில் இருக்கும் சக்கரத்தில் ஆரம்பித்தோம். நான் உள்ளே உட்கார்ந்து பெடலைப் பார்த்துக்கொள்ள, அண்ணன் வெளியே பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுத்தான்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடி... பிடி... சரி, விடு."

இதையே நூறு முறையாவது சொல்லியிருப்போம். நடுவில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். தெளிவான சின்னக் குழாய் வழியாகக் கருத்த ஆயில் வந்துகொண்டிருந்தது, அதற்குள் கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. கொஞ்ச நேரத்தில் நிறம் வெளுத்துப் புது ஆயிலின் மஞ்சள் வந்தது. குமிழிகள் நின்றன. கடைசிச் சக்கரம் முடிந்து பெடலை மிதித்தபோது, கல்லை மிதித்ததுபோல நின்றது. அந்த உணர்வுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

இருபத்து நான்கு கார்களில் பதினேழாவதாகத் தகுதி பெற்றேன். மதியம் நடந்த முதல் ரேஸில் பதிமூன்றாவது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரேக் கைகொடுத்தது, நான் பயப்படாமல் ஓட்டினேன், நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு ரேஸைத்தான் நான் மறக்க மாட்டேன். பதினைந்து நிமிடம், எட்டு லேப். கிளம்பியதுமே முன்னால் இரண்டு கார்கள் ஒன்றோடொன்று உரசி அகலமாகப் போக, அந்த இடைவெளியில் நான் உள்ளே நுழைந்துவிட்டேன். ஐந்தாவது லேப் முடிவில் ஒன்பதாவது இடம். முதல் பத்துக்குள் நான் அதுவரை வந்ததே இல்லை. எட்டாவது காரின் பின் விளக்குகள் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே வந்தன.

ஆறாவது லேப்பில் நேர்ப்பாதையில் போகும்போது முன் கண்ணாடியில் நான்கைந்து துளிகள் விழுந்தன. வானத்தில் மேகம் கிடையாது. முன்னால் போகிறவருடைய காரிலிருந்து ஏதாவது தெறிக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வளைவில் அவர் இடதுபக்கம் விலகியிருந்தார், துளிகள் மட்டும் நிற்கவில்லை. வெப்பநிலை முள்ளைப் பார்த்தேன். நடுவில், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது.

அந்த முள்ளை மட்டும் நம்பக் கூடாது என்று எனக்குப் பல வருடங்களுக்கு முன் ஒரு மூத்த ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். சென்சார் இஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரில் நனைந்திருக்கும்வரைதான் அது உண்மை சொல்லும். தண்ணீர் இறங்கிப்போய் சென்சார் வெறும் காற்றில் நின்றால், இஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் அமைதியாக இருக்கும். எடையைக் குறைக்க நிறையப் பேர் ஹீட்டரைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நான் எறியவில்லை, அவர் கற்றுக்கொடுத்த ஒரு சோதனைக்காகவே. இஞ்சினின் சூடான தண்ணீர்தான் ஹீட்டருக்குள்ளும் ஓடுகிறது, அதனால் அதை முழு வேகத்தில் திறந்தால் சூடான காற்று வர வேண்டும். குளிர்ந்த காற்று வந்தால் அங்கே தண்ணீர் இல்லை.

அடுத்த சின்ன நேர்ப்பாதையில் ஹீட்டரின் குமிழைத் திருப்பினேன். கையுறையைத் தாண்டி மணிக்கட்டில் காற்று பட்டது. குளிர்ந்திருந்தது.

இன்னும் இரண்டரை லேப். ஒன்பதாவது இடம். அந்த ஒரு நொடியில் மனம் என்னென்னவோ பேரம் பேசியது. ஆனால் என் இஞ்சினில் அடிப்பகுதியான பிளாக் இரும்பு, அதன் மேல் மூடியிருக்கும் ஹெட் அலுமினியம். சூடு ஏறினால் ஹெட் வளைந்துவிடும், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விடும். அதைவிட, நான் சிந்துகிற தண்ணீர் எனக்குப் பின்னால் வருகிற பதினைந்து பேரின் டயருக்கு அடியில் போகும். கிளட்ச்சை மிதித்து இஞ்சினை அணைத்தேன். ரேஸ் போகிற பாதையை விட்டு விலகி, கையைத் தூக்கிக்கொண்டு, இருந்த வேகத்திலேயே உருண்டு தடுப்புச் சுவரின் இடைவெளிக்குள் போய் நின்றேன். எல்லோரும் கடந்துபோகிற சத்தத்தை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்தது.

கருப்பில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடியையும் என் கார் எண்ணையும் எடுத்துத் தயாராக வைத்திருந்ததாகப் பாதையோரம் கொடி காட்டும் மார்ஷல் பிறகு சொன்னார். இயந்திரக் கோளாறு இருக்கிறது, உடனே உள்ளே வா என்பதற்கான கொடி அது. "நீங்களே நின்னுட்டீங்க, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று என் தோளைத் தட்டினார்.

2016 லெ மான்ஸ் பந்தயம் எனக்கு ஞாபகம் வந்தது. இருபத்து நான்கு மணி நேரத்தில் கடைசி சில நிமிடங்கள் மட்டும் பாக்கி இருந்தபோது, முன்னணியில் போன டொயோட்டா சக்தி இழந்து நேர்ப்பாதையில் நின்றது. உள்ளே இருந்தவர் கசுகி நகாஜிமா. அவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன்.

பேடக்குக்குக் கட்டி இழுத்து வந்ததும் அண்ணன் பானெட்டைத் திறந்தான். ரேடியேட்டரின் மேல் டேங்க் பிளாஸ்டிக். வயதானால் அது கருப்பு மங்கிப் பழுப்பாகும், பிறகு நொறுங்கும். அலுமினியத்தோடு அது சேரும் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். போன மாதம் நான் அந்தப் பழுப்பைப் பார்த்தேன், துணியால் துடைத்துவிட்டு மூடினேன். இனி அப்படி மூட மாட்டேன்.

மூடியைத் திறக்க ஒரு மணி நேரம் காத்திருந்தோம். சூடான ஹெட்டில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் மிச்சமிருப்பதையும் கெடுத்துவிடுவோம். பக்கத்து டிரெய்லர்காரர் வந்து எட்டிப் பார்த்தார். அவர் காரும் இதே மாடல். "தம்பி, என்கிட்ட ஒரு ரேடியேட்டர் சும்மா கிடக்கு. மாட்டிப் பாருங்க. ஹெட் தப்பிச்சுதா இல்லையான்னு இங்கேயே தெரிஞ்சிட்டுப் போங்க, இல்லன்னா ராத்திரி பூரா தூக்கம் வராது." முந்தின நாள் முதல் ரேஸில் நான் முந்திப்போனவர்களில் அவரும் ஒருவர்.

நாற்பது நிமிடத்தில் மாட்டினோம். ஹோஸ் கிளிப்பை அவரே இறுக்கினார். தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல், ஹீட்டரை முழுதாகத் திறந்து வைத்து இஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். முதல் திருகலிலேயே பிடித்தது. மூவரும் ரேடியேட்டரின் வாய்க்குள் குனிந்து பார்த்தோம். உள்ளே அடைபட்ட காற்று சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. கேஸ்கட் போயிருந்தால் இந்தக் குமிழிகள் ஓயவே ஓயாது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அண்ணன் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தான். குமிழிகள் குறைந்தன. அப்புறம் நின்றன. தண்ணீரின் மேல் எங்கள் மூன்று முகங்களும் லேசாக நடுங்கிக்கொண்டு தெரிந்தன.

அண்ணன் கதவு வழியாக உள்ளே கையை நீட்டி ஹீட்டர் வாயில் உள்ளங்கையை வைத்தான். அப்படியே கொஞ்ச நேரம் நின்றான்.

"சுடுதுடா" என்றான்.