படி இறங்க மறுபடியும் பழகின கதை

கோத்தகிரியில எங்க வீடு ரோட்டுல இருந்து 92 படி கீழ. போன ஜூலை மழையில பாசி பிடிச்ச படியில வழுக்கி எடது கணுக்கால் பிசகிருச்சு. எக்ஸ்ரேல எலும்பு முறியலன்னதும் நானே டாக்டராகி கிரேப் பேண்டேஜ சுத்திக்கிட்டு ஆறு வாரம் கட்டிலும் தையல் மிஷினுமா ஓட்டினேன். நடுவுல ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி விடறேன்னு பாதத்த ஒரு சுண்டு சுண்டினாரு பாருங்க, வத்தின வீக்கம் மறுபடி பொங்கிருச்சு.

வலி போயிருச்சு ஆனா படி இறங்க முடியல. ஏறும்போது கூட சமாளிச்சிரலாம், இறங்கும்போது நண்டு மாதிரி பக்கவாட்டுல திரும்பி ஒவ்வொரு படியா, அதுல முட்டி வலி வேற புதுசா சேந்துக்கிச்சு. கோயம்புத்தூர்ல காட்டினா "தினம் அரை மணி நேரம் சமதரையில நடங்க"ன்னாரு டாக்டர். நம்ம ஊர்ல சமதரைக்கு நான் எங்க போவேன், மைதானத்துக்குப் போய் வர்றதே ஏத்தமும் எறக்கமும்தான்.

நவம்பர்லதான் குன்னூர்ல ஒரு பிசியோகிட்ட போனேன், சின்னப் பொண்ணு. செவுத்த பாத்து நிக்க வச்சு, குதிகாலத் தூக்காம முட்டியால செவுத்தத் தொடச் சொல்லி, கட்டைவிரல் செவுத்துல இருந்து எவ்ளோ தூரம் தள்ளிப் போக முடியுதுன்னு டேப்பால அளந்தா. வலது 10 செ.மீ., எடது 3. "அக்கா, படி இறங்கறப்ப மேல் படியில நிக்கிற காலோட கணுக்கால்தான் நல்லா மடங்கணும், அது மடங்கலன்னா முட்டி அந்த வேலையையும் சேத்து செய்யுது"ன்னா. இத்தன நாளா முட்டிக்குத் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தவ நான்!

அப்புறம் ஒரு பெல்ட்ட என் கணுக்காலுக்கு மேல மாட்டி இன்னொரு பக்கத்த அவ இடுப்புல மாட்டிக்கிட்டு முன்னாடி இழுக்க இழுக்க நான் முட்டிய மடக்கணும். அடுத்தது படுக்க வச்சு பாதத்த என் பக்கமா தள்ளிப் பிடிச்சுக்கிட்டு "மிஷின மிதிக்கிற மாதிரி என் கைய மிதிங்க, பாதி பலம் போதும்"பா. 6 செகண்ட் மிதிச்சு விட்டதும் இன்னும் கொஞ்சம் தள்ளி 20, 30 செகண்ட் பிடிப்பா, அத நாலஞ்சு தடவை. பிஎன்எஃப்னு பேராம், 1940கள்ல அமெரிக்காவுல ஹெர்மன் கபாட்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது. தசை உடனே நீளமாயிடாதாம், இழுவையத் தாங்கிக்கிற பழக்கம்தான் மொதல்ல கூடுமாம். பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா திட்டுவா, மூச்சு அடக்குற அளவுக்கு வலிச்சா தசை எதுத்து நிக்கும்னு.

மொத நாளே 6 செ.மீ. வந்துருச்சு, சந்தோஷத்துல வர்க்கி எல்லாம் வாங்கிட்டு வந்தேன். மறுநாள் காலையில அளந்தா 4. காசு போச்சேன்னு வந்த கோவத்துல போன் போட்டேன். "நான் இழுத்து விடறது கொஞ்ச நேரத்துக்குத்தான், அந்த எடத்துல நீங்க பலம் ஏத்தினாதான் நிக்கும்"னா. ஹோம்வொர்க்: படி விளிம்புல நின்னு குதிகால மெதுவா கீழ எறக்கறது, ஒத்தக் காலால ஒரு படி எறங்கி ஏறறது, தோசை ஊத்தறப்ப ஒத்தக் கால்ல நிக்கறது. தோசை கருகினதுக்கு பிசியோ மேல பழி போட்டாச்சு.

நான் பண்ண ஒரு தப்பு, பனி கொட்டுற காலையில கம்பளிய உதறிட்டு நேரா ஸ்ட்ரெட்ச்சுல போய் நின்னது. பத்து நிமிஷம் வீட்டுக்குள்ள நடந்துட்டோ வெந்நி ஒத்தடம் குடுத்துட்டோ செஞ்சா அதே கால் எவ்ளோ இணங்கி வருது தெரியுமா. இன்னொண்ணு, படி எறங்கற பயிற்சி ஆரம்பிச்ச மறுநாள் தொடை கல்லாயிருச்சு, போச்சு எதையோ கிழிச்சுட்டோம்னு பயந்தேன். தசை நீண்டுக்கிட்டே பாரத்தத் தாங்கற வேலையில அப்படித்தான் வருமாம், ரெண்டு மூணு நாள்ல தானா போயிரும், ஸ்ட்ரெட்ச் பண்ணி அந்த வலியப் பெருசா கொறைக்க முடியாதுன்னு சொன்னா. அதே மாதிரி மூணாம் நாள் போயிருச்சு.

வாரம் ரெண்டு தடவையா 6 வாரம் போனேன், அப்புறம் வீட்லயே. பொங்கல் அப்ப அளந்தா எட்டரை. இப்ப நேரா, படிக்கு ஒரு காலா எறங்கறேன், அவசரத்துக்கு மட்டும் கம்பியப் பிடிச்சுக்குவேன்.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர் போடறேன்னு வீட்டுக்காரர் போன ஜூலையில இருந்து சொல்லிட்டே இருக்காரு. இந்த ஞாயித்துக்கெழமை நானே குத்தவச்சு உக்காந்து 92 படியையும் தேச்சுட்டேன்.