அண்டாவும் கப்பியும் வெப்பமானியும்: முழுத்தானிய பீருக்குத் தயாராகும் நாட்குறிப்பு

மார்ச் 1, 2025, சனி

இரண்டு வருடங்களாக மால்ட் சாற்றைத் தண்ணீரில் கரைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து வீட்டில் பீர் செய்துவருகிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பீர் நாக்கில் கனத்து நிற்க வேண்டுமா, வறண்டு முடிய வேண்டுமா என்பதைச் சாறு காய்ச்சிய ஆலை எனக்கு முன்பே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. மால்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, நானே நொறுக்கி, நானே வெந்நீரில் ஊறவைத்து, அதன் மாவுச்சத்து என் கண்முன் சர்க்கரையாக மாற வேண்டும். இந்த ஆசை நெடுநாளாக இருக்கிறது. முழுத்தானிய முறைக்கு மாறுவதென்று இன்று முடிவுசெய்தேன். என்னென்ன வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதை இங்கே நாள்வாரியாக எழுதிவைக்கப் போகிறேன்.

மார்ச் 2, ஞாயிறு

அண்டா எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட்டேன். நொதிகலனுக்குள் 20 லிட்டர் போக வேண்டும். அண்டாவின் அடியில் ஹாப்ஸ் சக்கையும் திரிந்த புரதமும் படிவதால் 2 லிட்டர் அங்கேயே தங்கிவிடும், ஆக 22. கொதிநிலையிலிருந்து ஆறும்போது திரவம் ஏறக்குறைய 4 சதவீதம் சுருங்கும் என்பதால், சூடாக இருக்கும்போது 23. ஒரு மணி நேரக் கொதிப்பில் 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், கொதிக்கத் தொடங்கும்போது 26 லிட்டர் வொர்ட், அதாவது தானியத்திலிருந்து வடித்த இனிப்பு நீர், இருக்க வேண்டும். 5 கிலோ மால்ட் உறிஞ்சி வைத்துக்கொள்வது சுமார் 4 லிட்டர். மொத்தம் 30 லிட்டர் தண்ணீர்.

இதோடு முடியவில்லை. தண்ணீருக்குள் விழும் தானியமும் இடம் பிடிக்கும். கிலோவுக்கு ஏறத்தாழ 0.67 லிட்டர். 5 கிலோவுக்கு 3 லிட்டருக்கு மேல். தண்ணீர் முழுவதையும் ஒரே அண்டாவில் ஊற்றி ஊறவைத்தால் மட்டம் 33 லிட்டரைத் தாண்டும். 30 லிட்டர் அண்டா போதும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். 40 வேண்டும். கொதி வரும் நேரத்தில் நுரை பொங்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் அந்த மிச்ச இடத்தை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

மார்ச் 5, புதன்

இந்த மூன்று நாட்களும் பாத்திர அமைப்பைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று அண்டா அமைப்பு கண்ணைக் கவர்கிறது. மேலே வெந்நீர், நடுவே துளைத்தட்டின் மேல் தானியம், கீழே கொதிக்கும் அண்டா. பம்ப் இல்லாமல் புவியீர்ப்பிலேயே எல்லாம் இறங்கி வரும். தாளில் வரைந்து, உயரங்களை அளந்து குறித்தபோதுதான் மேல் அண்டாவின் விளிம்பு என் தலைக்கு மேலே போவது தெரிந்தது. அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "77 டிகிரியில் இருக்கிற தண்ணீரைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கீழே நின்று வேலை செய்வாயா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் படத்தை நான் தொடவில்லை.

அடுத்தது, ஐஸ் பெட்டிக்குள் தானியத்தை ஊறவைப்பது. குளிரைக் காக்கும் சுவர் வெப்பத்தையும் காக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிதான் இறங்கும் என்று பலர் எழுதுகிறார்கள். அடியில் துளைக்குழாய் பொருத்தினால் உமியே வடிகட்டிப் படுகையாகிவிடும். நல்ல முறை. ஆனால் தானியத்தில் தங்கிய சர்க்கரையைக் கழுவியெடுக்கும் தண்ணீருக்கு இன்னொரு பாத்திரம், கொதிக்கவைக்க மூன்றாவது பாத்திரம் என்று எண்ணிக்கை ஏறுகிறது. தானியம் அதிகம் நொறுங்கிவிட்டால் படுகை அடைத்துக்கொள்ளும் கவலையும் உண்டு.

தானியக் கூடையும் பம்பும் மின்சூடேற்றியும் ஒன்றாக அமைந்த கிரெயின்ஃபாதர், பிராவ்மைஸ்டர் போன்ற கருவிகளும் இருக்கின்றன. இடம் குறைவாக உள்ளவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பவர்களுக்கும் அவை பொருத்தம். எனக்கு முதல் வருடமே அவ்வளவு செலவு செய்ய மனமில்லை.

மிஞ்சியது பை. வீட்டில் பீர் செய்யும் ஆஸ்திரேலியர்கள் பரப்பிய முறை இது. அண்டாவுக்குள் மெல்லிய வலைத்துணிப் பை, பைக்குள் தானியம், ஒரு மணி நேரம் ஊறியதும் பையைத் தூக்கிவிட்டு அதே அண்டாவில் கொதிக்கவைப்பது. ஒரே பாத்திரம். எளிமைக்காக ஏற்ற சமரசம் என்று இதைச் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வடிகட்டும் வேலையைத் துணி பார்த்துக்கொள்வதால் தானியத்தை இன்னும் நுண்ணியதாக நொறுக்க முடிகிறதே, அது பெரிய லாபம். பைதான்.

மார்ச் 9, ஞாயிறு

40 லிட்டர் எவர்சில்வர் அண்டா வந்துவிட்டது. அலுமினியமும் தவறில்லை, அது எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும், விலையும் குறைவு. ஆனால் காரமான சுத்திகரிப்புப் பொருள் அதன் மேற்படலத்தை அரித்துவிடும். அண்டாவைத் தேய்ப்பதில் எனக்குப் பொறுமை உண்டு, பயந்து பயந்து தேய்ப்பதில் இல்லை. எனவே எவர்சில்வர், அடியில் மூன்றடுக்குத் தகடு, பக்கவாட்டில் ஒரு வால்வு. கொதித்து முடிந்த 23 லிட்டரைத் தூக்கிச் சாய்ப்பது என்ற பேச்சே இருக்கக் கூடாது. வால்வு இல்லாத அண்டாவை யாரும் வாங்க வேண்டாம்.

மாலை முழுவதும் துடுப்பில் கோடு கீறினேன். மரத்துடுப்பை அண்டாவுக்குள் செங்குத்தாக நிறுத்தி, 2 லிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுவது. மட்டம் தொட்ட இடத்தில் கத்தியால் ஒரு கீறல். மீண்டும் 2 லிட்டர். 10, 20, 30 லிட்டர் கீறல்களை மட்டும் நீளமாக இழுத்தேன். 36 லிட்டர்வரை பதினெட்டுக் கீறல்கள். ஈரமரத்தில் கத்தி நழுவியதால் 14க்கான கோடு மட்டும் கோணலாகிவிட்டது, ஆனால் இடம் சரி.

நொதிகலனையும் பழைய ஃபிரிட்ஜையும் மாற்றவில்லை. 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, கை முழங்கைவரை உள்ளே போகும் வாய், மெல்லிய துணியால் மட்டும் துடைப்பதால் கீறலே இல்லை. கண்ணாடிக் குடுவை அழகுதான். நிறைந்த குடுவையை ஈரக்கையோடு நகர்த்த எனக்குத் துணிவில்லை. ஃபிரிட்ஜில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் உணர்முனையை வாளியின் பக்கத்தில் ஒட்டி, மேலே பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறேன். நொதிக்கும்போது ஈஸ்ட் தானே சூட்டைக் கிளப்பும். அறையின் வெப்பத்தை அளந்து பயனில்லை, வாளியின் வெப்பத்தைத்தான் அளக்க வேண்டும். சாற்றில் செய்த நாட்களிலேயே என் பீரை மாற்றியது இந்த ஃபிரிட்ஜ்தான். புதிதாகத் தொடங்குபவர் யாராவது என்னிடம் கேட்டால், அண்டாவுக்கு முன் இதை வாங்கச் சொல்வேன்.

மார்ச் 15, சனி

நெருப்பைச் சோதித்துப் பார்க்க இன்று வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். வீட்டிலுள்ள மின் அடுப்பு 2 கிலோவாட். 26 லிட்டர் கொதிக்கவே வெகுநேரம் ஆனது. கொதித்த பிறகும் தளதளவென்று புரளவில்லை, ஓரத்தில் மட்டும் குமிழிட்டது. ஒரு மணி நேரம் கழித்துத் துடுப்பை விட்டுப் பார்த்தால் 2 லிட்டர்கூடக் குறையவில்லை.

கணக்குப் போட்டால் காரணம் தெரிகிறது. ஒரு லிட்டர் கொதிநீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.63 யூனிட் மின்சாரம் வேண்டும். 2 கிலோவாட் முழுவதும் தண்ணீருக்கே போனாலும் மணிக்கு 3 லிட்டர்தான். அண்டாவின் சுவர் வழியே இழப்பதைக் கழித்தால் அதுவும் இல்லை. மூடிபோட்டுக் கொதிக்கவைப்பது தீர்வாகாது. மால்டிலிருந்து பிறக்கும் டைமீத்தைல் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் அது வடிந்து உள்ளேயே விழுந்து, பீரில் வேகவைத்த சோள வாடையாக வரும்.

அதனால் திறந்த வெளியில் வைக்கும் கேஸ் பர்னர். வீட்டுக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

முதல் முழுத்தானிய நாள். தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுவந்து 5 கிலோ மால்டைக் கொட்டிக் கிளறியதும் அண்டாவின் வெப்பமானி 67 காட்டியது. எழுந்த மணத்தை என்னவென்று சொல்வது! சாற்றுடப்பாவில் அந்த மணம் ஒருநாளும் இருந்ததில்லை. அண்டாவைச் சுற்றிப் போர்வை கட்டி ஒரு மணி நேரம் விட்டோம்.

பையைத் தூக்கும்போதுதான் உடம்பு கணக்கைச் சொன்னது. 5 கிலோ தானியம், அதைவிட அதிகத் தண்ணீர், எல்லாம் கைபொறுக்காத சூடு. வடியும்வரை நெஞ்சுயரத்தில் பிடித்திருக்க வேண்டும். அக்காவும் நானும் மாறி மாறிப் பிடித்தோம். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. அடுத்த முறைக்குக் கப்பி.

வொர்ட்டின் அடர்த்தி (தண்ணீர் 1.000; கரைந்த சர்க்கரை கூடினால் ஏறும், ஈஸ்ட் அதைத் தின்றால் இறங்கும்) 1.050 எதிர்பார்த்தேன், 1.042தான் வந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கடையில் நொறுக்கிக் கொடுத்த மால்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பத்துத் தானிய மணிகளில் இரண்டு முழுதாகவே இருந்தன.

மார்ச் 30, ஞாயிறு

நொதித்தல் நின்றுவிட்டது. அடர்த்தி 1.018. மூன்று நாட்களாக அசையவில்லை. 1.010 பக்கம் வர வேண்டியது. சுவையில் இனிப்பு மிஞ்சி நிற்கிறது.

ஈஸ்ட்டின் மேல் குற்றமில்லை என்று எனக்குத் தோன்றியது. அண்டாவில் திருகியிருந்த வட்ட வெப்பமானியைக் கழற்றி, தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன் முனையை உள்ளே விட்டேன். முள் 96இல் நின்றது. கொதிக்கும் நீரில்! நான் 67 என்று நம்பியது உண்மையில் 71.

அந்த நான்கு டிகிரிதான் எல்லாம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் இரண்டு நொதிகளில் பீட்டா அமைலேஸ் 60க்கும் 65க்கும் இடையில் நன்றாக வேலை செய்து, 70ஐத் தாண்டினால் விரைவில் அழிந்துவிடும். ஈஸ்ட் எளிதில் தின்னும் மால்டோஸ் சர்க்கரையைப் பெரும்பாலும் தருவது அதுதான். ஆல்ஃபா அமைலேஸ் அந்தச் சூட்டையும் தாங்கும். ஆனால் அது விட்டுவைக்கும் பெரிய துண்டுகளை ஈஸ்ட் தொடுவதில்லை. இனிப்பும் கனமும் அப்படி வந்தவை.

18ஆம் நூற்றாண்டில் லண்டனில் மைக்கேல் கோம்ப்ரூன் வெப்பமானியைப் பீர் காய்ச்சும் வேலைக்குள் கொண்டுவந்து அதைப் பற்றி நூலும் எழுதினார். அதற்கு முன் ஆவி அடங்கித் தண்ணீரில் முகம் தெரிகிறதா என்று பார்த்துத்தான் மால்டைக் கொட்டினார்கள். சரிபார்க்காத வெப்பமானியைவிட அந்த முகம் பார்ப்பது நம்பகமானது என்றே இன்று நினைக்கிறேன்.

நீண்ட முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி ஒன்றை வாங்கியிருக்கிறேன். நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்ததில் 0.1, கொதிநீரில் 99.8. வட்ட வெப்பமானியின் பின்புறத் திருகைத் திருப்பிச் சரிசெய்தேன். ஆனாலும் அதன் முனை குட்டை, சுவரோரச் சூட்டைத்தான் சொல்லும்.

ஏப்ரல் 2, புதன்

இரட்டை உருளை அரவைக் கருவி வாங்கினேன். உருளைகளுக்கு இடையே 0.9 மில்லிமீட்டர். துளைத்தட்டு வைத்திருப்பவர்கள் 1.0 முதல் 1.2 வரை வைப்பது வழக்கம். பையில் அடைத்துக்கொள்ளும் பயம் இல்லை. அரைத்ததைக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தேன். உமி நீளவாக்கில் பிளந்து முழுதாக இருக்கிறது, உள்ளே இருந்த பருப்பு நான்கைந்து துண்டு, கொஞ்சம் மாவு. முழுமணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டாவது முறை. வெளியே ஒரு விட்டத்தில் கப்பியைத் தொங்கவிட்டு, பையின் நான்கு வளையங்களையும் கயிற்றில் கோத்தேன். ஒரு கை இழுப்பில் பை எழுந்தது. கயிற்றைக் கொக்கியில் கட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் வடியவிட்டோம். பர்னரை மூட்டும் முன் பை முழுவதும் மேலே வந்துவிட வேண்டும். அடியில் படிந்திருக்கும்போது தீ வைத்தால் துணி கருகும்.

ஆற்றுவதற்குச் செப்புக்குழாய்ச் சுருள், 10 மில்லிமீட்டர் குழாயில் 15 மீட்டர். கொதிப்பு முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது அண்டாவுக்குள் இறக்கினால் கிருமி நீக்கம் தானாக நடந்துவிடும். சும்மா விட்டால் சுருளைச் சுற்றியுள்ள வொர்ட் மட்டும் ஆறும். துடுப்பால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்ததில் 25 நிமிடத்தில் குழாய்நீரின் சூட்டுக்கு அருகே வந்தது. அதற்குக் கீழே சுருளால் போக முடியாது. மீதியை ஃபிரிட்ஜிடம் விட்டு, 19 டிகிரி வந்த பிறகே ஈஸ்ட் போட்டேன். தகட்டுக் குளிர்விப்பான் இதைவிட வேகமானது. ஆனால் அதன் உட்புறத்தை என் கண்ணால் பார்க்க முடியாது.

அடர்த்தி 1.050.

ஏப்ரல் 7, திங்கள்

இன்று வால்வைப் பிரித்தேன். மூன்று துண்டாகக் கழலும் வகை, நான்கு போல்ட். உள்ளே எவர்சில்வர் உருண்டைக்கும் வெள்ளை வளையத்துக்கும் இடையில் பழுப்பு நிறத்தில் விழுதுபோல ஒன்று, ஹாப்ஸும் பழைய வொர்ட்டும் சேர்ந்து காய்ந்தது. முதல் முறைக்குப் பின் வெந்நீரை ஓடவிட்டுக் கழுவியதோடு நிறுத்தியிருந்தேன். ஆறிய வொர்ட் இந்த வழியாகத்தான் நொதிகலனுக்குள் போகிறது. இரண்டு துண்டு வால்வாக இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. இனி ஒவ்வொரு முறையும் பிரிப்பேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

1.011. மூன்று நாட்களாக அதே எண். மாஷ், அதாவது தானியம் ஊறும் கலவை, 66 டிகிரியில் இருந்தது, இந்த முறை உண்மையிலேயே 66. கணக்கில் 5.1 சதவீத ஆல்கஹால். சுவை வறண்டு, கடைசியில் ரொட்டி மணம்போல மால்ட். நாளை பாட்டிலில் அடைக்கிறேன்.

பம்ப் பட்டியலில் இருந்தது; அடித்துவிட்டேன். அண்டாவை நொதிகலனைவிட இரண்டடி உயரத்தில் வைத்தால் வால்வே போதும்.

பக்கத்து வீட்டுத் தம்பியும் முழுத்தானியத்துக்கு மாறப்போகிறானாம். அண்டா வாங்கிவிட்டான், என்னுடையதைவிட அகலம், உயரம் குறைவு. "அண்ணா, அந்தத் துடுப்பை ஒருநாள் கொடுங்கள், கோடுகளைப் பார்த்து அப்படியே கீறிக்கொள்கிறேன்" என்றான். என் கோடுகள் அவன் அண்டாவில் பொய் சொல்லும் என்றேன். அடுத்த ஞாயிறு அண்டாவையும் ஒரு புதுத் துடுப்பையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். 2 லிட்டர் குவளையும் கத்தியும் என்னிடம் இருக்கின்றன.