இரண்டு மணி நேரம் கழித்து

ஜனவரி 6
163.

ஜனவரி 7
75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கச் சொன்னார்கள். பாதியிலேயே குமட்டியது. நர்ஸ் அரை மூடி எலுமிச்சை பிழிந்து தந்தார். பிறகு இரண்டு மணி நேரம் பெஞ்சில். பெரியவளின் ஆண்டு விழாப் பாவாடைக்குக் கரை தைப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். 140 வந்தாலே கர்ப்பகால நீரிழிவு. பெரியவள் வயிற்றில் இருந்தபோது 112. இந்த ஐந்து வருடத்தில் எனக்கு என்ன ஆயிற்று?

ஜனவரி 10
வெறும் வயிற்றில் 98. 95க்குக் கீழே இருக்க வேண்டுமாம். இடது கை மோதிர விரல்.

இரவு இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும். "இவ்வளவுதானா? பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும்?" என்று அத்தை கவலைப்பட்டார். போய்ச் சேர்வதுதானே பிரச்சினை. என் இரத்தத்துச் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிவிடுகிறது, என் இன்சுலின் தாண்டுவதில்லை. வருவதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் தானே கூடுதலாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் மிச்சத்தையெல்லாம் கொழுப்பாக்கிச் சேர்க்கிறது. கோபன்ஹேகனில் பெடர்சன் என்ற மருத்துவர் 1950களிலேயே சொல்லிவிட்டார். அத்தையிடம் சொல்லவில்லை. சுண்டல் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 15
சர்க்கரைப் பொங்கல், ஒரே ஒரு கரண்டி. இரண்டு மணி நேரம் கழித்து 131. முன்னால் தின்ற வெண்பொங்கலையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார் இவர். கேட்டேனா?

ஜனவரி 19
தூக்கம் இல்லை. அரிசோனாவில் பீமா பழங்குடியினரிடம் 1965 முதல் தொடர்ந்த ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஒரே தாய்க்குப் பிறந்தவர்களை ஒப்பிட்டிருக்கிறார்கள்: அவளுக்குச் சர்க்கரை நோய் வருமுன் பிறந்த பிள்ளை, வந்த பின் பிறந்த பிள்ளை. அதே வீடு, அதே சாப்பாடு, அதே பரம்பரை. பின்னால் பிறந்தவர்களுக்கே சர்க்கரை நோய் அதிகம் வந்தது, உடலும் பருமன். அப்பாவுக்கு நோய் வருமுன்னும் பின்னும் பிறந்தவர்களிடையே அந்த வித்தியாசம் இல்லையாம். அப்பாக்கள் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஜனவரி 20
பெரியவள் தோசைமேல் சீனி தூவித் தின்கிறாள். அவள் ‘முன்’. உள்ளே இருப்பது ‘பின்’.

ஜனவரி 28
வளைகாப்பு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று ஏழு வகைச் சாதம் வரிசையாக வைத்திருந்தார்கள். நான் தட்டில் ஏழு பிடி எடுத்து, ஏழையும் எண்ணிக்கொண்டிருந்தேன். சித்தி வளையல் அடுக்கும்போது அம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "இவள் பிறந்தபோது நாலேகால் கிலோ! ஆஸ்பத்திரியே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று." எல்லோரும் சிரித்தார்கள்.

நாலேகால் கிலோ.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது அவளுடைய முப்பத்தெட்டாவது வயதில். அப்போது எனக்குப் பதினொன்று. அதற்கு முன் யாரும் அவளைச் சோதித்ததே இல்லை. அப்படியானால் நான் முன்னா, பின்னா?

பிப்ரவரி 3
இன்சுலின் தொடங்கியாயிற்று. இரவு 6 யூனிட். பேனா ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 11
ஸ்கேன். தலையின் அளவு சரியாக இருக்கிறது, வயிற்றுச் சுற்றளவு இரண்டு வாரம் முன்னால் ஓடுகிறது. "பிள்ளை நல்ல கொழுகொழு" என்றார் ஸ்கேன் எடுத்தவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 12
மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் பிறந்த பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்மாரின் மகள்களுக்கு ஐந்து வயதிலேயே தோலுக்கடியில் கொழுப்பு அதிகம், இன்சுலினும் அதிகம். மகள்களுக்கு. உள்ளே இருப்பது யார் என்று நான் கேட்கக் கூடாது, அவர்களும் சொல்லக் கூடாது. சட்டம் நல்லதுதான். இன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20
மோசமான நாள். ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றைப் படித்தேன். கர்ப்பகால நீரிழிவுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாருக்குப் பிள்ளைகள் அளவான எடையில் பிறந்தார்கள். ஆனால் அதே பிள்ளைகளை நான்கு, ஐந்து வயதில் நிறுத்துப் பார்த்தால், சிகிச்சை பெறாதவர்களின் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பருமனில் வித்தியாசம் தெரியவில்லை. பின் இந்த ஊசி எதற்கு? பிரசவம் சிக்கலில்லாமல் முடிவதே பெரிய காரியம் என்கிறார் டாக்டர். சரிதான். ஆனால் நான் கேட்டது வேறு கேள்வி.

மாலை அம்மாவுக்குப் போன் செய்தேன். என்னைச் சுமந்தபோது தாகம் எடுத்ததா? "ராத்திரியெல்லாம் சொம்பு சொம்பாகக் குடிப்பேன். சித்திரை வெயில் அல்லவா?" நான் பிறந்தது சித்திரை முதல் வாரத்தில். வெயில் எப்போது தொடங்கியதாம்?

பிப்ரவரி 21
வெறும் வயிற்றில் 91.

மார்ச் 10
இன்று கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள், சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பிறந்த நாள். பட்டினி கிடக்காமலே, சாப்பிட்டுவிட்டு வந்தவளையும் சோதிக்கலாம் என்ற அந்த 75 கிராம் முறை அவருடையது. தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை கட்டாயமானது 2007ல். நான் பிறந்தது 1993. அம்மாவைத் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. யாரும் அவளிடம் ஒரு டம்ளர் நீட்டவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 12
கால் வீக்கம். எழுத முடியவில்லை. 88.

மார்ச் 24
மறுபடியும் ஸ்கேன். பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இன்று முழுக்க யாரிடமும் எரிந்து விழவில்லை.

மார்ச் 31
பெண். 3.1 கிலோ. "மூன்றுதானா?" என்றாள் அம்மா, முகம் சுருங்கி. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான்.

பிறந்ததும் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். 41. கொடி அறுந்ததும் என் சர்க்கரை நின்றுவிட்டது, அவளுடைய இன்சுலினுக்கு அது தெரியவில்லை. உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள். உதட்டைச் சுழித்துக்கொண்டு தூங்கினாள். பாதத்தைச் சுண்டி எழுப்பிக் கொடுத்தேன். அப்புறம் 53. அப்புறம் 60.

ஏப்ரல் 2
குதிகாலில் மூன்று சிவப்புப் புள்ளிகள். பெரியவள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 3
மே 12ல் எனக்கு மறுபடியும் 75 கிராம். எலுமிச்சை எடுத்துப் போக வேண்டும்.