நிலவறையில் பதிவான ஆல்பம்

மார்த்தாண்டத்தில் என் நண்பர்கள் நால்வர் வீட்டு மாடியறையில் தங்கள் முதல் ராக் ஆல்பத்தைப் பதிவு செய்து வருகிறார்கள். "இன்னுமா முடியல்லை?" என்று கேட்பவர்களிடமெல்லாம் நான் சொல்லும் பெயர் டாம் ஷோல்ஸ். பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் கிட்டார் கலைஞரான அவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, போலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சம்பளப் பணத்தைப் போட்டு வீட்டு நிலவறையில் ஒரு ஸ்டுடியோவை அமைத்தவர்.

குழுவின் முதல் ஆல்பம் 1976 ஆகஸ்டில் வெளிவந்தது. எல்லாவற்றையும் தொழில்முறை ஸ்டுடியோவில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அதை வெளியிடும் எபிக் இசைத்தட்டு நிறுவனம் எதிர்பார்க்க, தயாரிப்பாளர் ஜான் பாய்லன் மற்றக் கலைஞர்களை லாஸ் ஏஞ்சலிஸுக்கு அழைத்துச் சென்று அங்கே வேலை நடக்கும்படி பார்த்துக்கொண்டார். ஷோல்ஸோ நிறுவனத்துக்குத் தெரியாமல் வாட்டர்டவுனில் தன் நிலவறையிலேயே இருந்து, கிட்டார், பேஸ், ஆர்கன் என்று பெரும்பாலான வாத்தியங்களைத் தானே ஒவ்வொன்றாக வாசித்துப் பதிவு செய்தார். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்று பெற்ற ஆல்பம் அது.

எனக்கு அந்த எண்ணிக்கையைவிட அதன் கிட்டார் ஒலிதான் பெரிது. ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து, ஒன்றை இடப்பக்க ஸ்பீக்கருக்கும் மற்றதை வலப்பக்கத்துக்கும் அனுப்பும்போது, விரலின் அழுத்தத்திலும் பிக் என்ற மீட்டும் தகடு கம்பியில் படும் கணத்திலும் இருக்கும் நூலிழை வேறுபாடே காதுக்கு அகலமாகக் கேட்கிறது. ஒரே டேக்கை, அதாவது ஒரு முறை வாசித்த பதிவை, கணினியில் நகலெடுத்து மறுபக்கம் வைத்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. எங்கள் கிட்டார் கலைஞர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதல் டேக்கின் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கோடும் பொருந்தும்வரை இரண்டாவதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். சிறு வயது முதல் சர்ச் கொயருக்கு வாசித்துப் பழகிய கை என்பதால் தாளம் பிசகுவதில்லை. ஆனால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை மாடியின் தகரக் கூரையில் விழத் தொடங்கினால் மைக்கை அணைக்கத்தான் வேண்டும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும் மாவட்டம் இது.

அண்டை வீடுகளையும் நினைக்க வேண்டியிருக்கிறது. கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப் முழு வேகத்தில் இயங்கும்போதுதான் ராக் கிட்டாருக்குரிய கரகரப்பு முழுமையாக எழும். அந்த வேகத்தில் தெருவே அதிரும். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் நின்று மின்சக்தியின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றிவிடும் 'பவர் சோக்' என்ற கருவியையும், பிறகு 1982இல் ஹெட்போனிலேயே அந்த ஒலியைத் தரும் 'ராக்மேன்' என்ற சிறு பெட்டியையும் ஷோல்ஸின் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று மாடியறைகளில் கணினி மென்பொருளில் ஆம்ப் வைத்து வாசிப்பவர்கள் எல்லோரும் அவர் போட்ட வழியில் நடப்பவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாவது ஆல்பமான 'டோன்ட் லுக் பேக்' 1978இல் வெளிவந்தது. நிறுவனம் அவசரப்படுத்தியதால் அது தன் மனதுக்கு நிறைவாக முடியவில்லை என்று ஷோல்ஸ் பின்னாளில் சொன்னார். அதன் பிறகு அவர் யாருக்காகவும் வேகம் கூட்டவில்லை. தாமதத்துக்காக எபிக்கின் தாய் நிறுவனமான சிபிஎஸ் வழக்குத் தொடுத்தது. 'தேர்ட் ஸ்டேஜ்' 1986இல், வேறொரு நிறுவனத்தின் வெளியீடாக வந்து, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை.

என் நண்பர்களிடம் கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு பாடலையாவது தனியாக இணையத்தில் ஏற்றிவிடும்படி பலரும் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. எட்டுப் பாடல்களும் ஒரே மூச்சில் கேட்கும்படி வரிசைப்படுத்தப்பட்டவை. முதல் பாடலின் கடைசி ஸ்வரம் இரண்டாவதன் தொடக்கமாக மாறும்படி எழுதியிருக்கிறார்கள். இன்னும் இரண்டு பாடல்களின் ரிதம் கிட்டார் மிச்சம் இருக்கிறது. அதை முடித்து, மிக்சிங்கும் ஆன பிறகு முழு ஆல்பமாகவே வெளியிடுங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.