கிருமி வரும் வழி

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நான்கே நாள்களுக்குள் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டோம். முதலில் படுத்தவள் இளைய மகள். அவளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் நான் சானிட்டைசரை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டு, கை சுத்தமாகிவிட்டது என்று நம்பியே அடுத்த வேலைக்குப் போனேன். இது நோரோ வைரஸாக இருக்கலாம் என்ற மருத்துவர், அந்தக் கிருமியிடம் சானிட்டைசர் அவ்வளவாக எடுபடாது என்றும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்றும் சொன்னபோது மனம் கனத்துப்போயிற்று.

காரணம் எளியதுதான். ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்கள் கொழுப்பாலான உறையைப் போர்த்தியிருப்பதால், ஆல்கஹால் அந்த உறையைச் சிதைத்து அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. நோரோ வைரஸுக்கு அந்த உறையே கிடையாது. சோப்பு போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினால்தான் அது தோலிலிருந்து பெயர்ந்து தண்ணீரோடு போகும். நூற்றுக்கும் குறைவான வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்க வைத்துவிடும் என்பதால், அரைகுறையாகக் கழுவிப் பயனில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோது கழிவறைக் குழாயின் திருகு நினைவுக்கு வந்தது. மகள் அழுக்குக் கையால் அதைத் திறந்து, சோப்பு போட்டு ஒழுங்காகக் கழுவிவிட்டு, கழுவிய கையாலேயே அதே திருகை மூடுவாள். கை கழுவக் கற்றுக்கொடுத்த எனக்கு அந்தத் திருகைத் துடைக்கத் தோன்றவில்லை.

தொற்றுநோய்களைப் பொதுவாகப் பேசும்போது நாம் தவறவிடுவது இதைத்தான் என்று கருதுகிறேன். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வழி உண்டு. அந்த வழியை அறியாமல் எடுக்கும் முயற்சி, எவ்வளவு அக்கறையோடு எடுத்தாலும், வீணாகிவிடுகிறது. காசநோய் காற்றில் வருகிறது, காலரா தண்ணீரில் வருகிறது, டெங்கு பகலில் கடிக்கும் கொசுவால் வருகிறது. 1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்க, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகள் எங்கெங்கே இருந்தன என்று விசாரித்து, அவை ஒரு தெருவின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் காட்டினார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பது உண்மையே. ஆயினும், எந்தக் கிருமி என்று தெரியாத நிலையிலும் அது வரும் வழியை ஒருவரால் கண்டறிய முடிந்தது என்பதை இன்றும் நான் வியப்போடு நினைத்துப்பார்க்கிறேன்.

வழி தெரிந்தும் அடைக்க முடியாத நோய் தட்டம்மை. நோயாளி வெளியேறிய பின்னும் அதன் வைரஸ் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கும். உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள்கள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடுகிறது. அதாவது, தனக்கு வந்திருப்பது தட்டம்மை என்று அவருக்கே தெரியாத நாள்களில். எதிர்ப்பாற்றல் இல்லாதோரிடையே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதைக் கொடுக்கக்கூடும். இங்கே தனிமைப்படுத்துவது மட்டும் போதாது. ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டிருந்தால்தான் பரவல் நிற்கும். ஊசி போடும் வயதை இன்னும் எட்டாத கைக்குழந்தைக்குச் சுற்றியுள்ளவர்கள் போட்டுக்கொண்ட ஊசியே காவல். ஆகவே, தடுப்பூசி அவரவர் சொந்த விருப்பம் மட்டுமே என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

எங்கள் வீட்டுக் கதையில் ஒன்று பாக்கி இருக்கிறது. வாந்தி நின்ற பின்னும் குறைந்தது இரண்டு நாள்கள் பிறருக்குச் சமைக்கக் கூடாது என்றும், குணமான பிறகும் இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கலாம் என்றும் மருத்துவர் கடைசியில் சொன்னார். எனக்கு வாந்தி நின்ற மறுநாள் காலையிலேயே, உடம்பு தேறிவிட்டது என்ற நிம்மதியில், அனைவருக்கும் நான்தான் சமைத்துப் பரிமாறியிருந்தேன்.