செகசிற்பியாருக்கு மத்தளம்

மட்டக்களப்பு டவுனில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் ஆங்கில டிப்ளோமா வகுப்பு நடக்கிறது. எல்லாரும் வேலை வெட்டி பார்க்கிற ஆட்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருக்கும் நான், காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் அண்ணன், ஒரு நர்ஸ் தங்கச்சி, படுவான்கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு தம்பி, அப்புறம் பென்ஷன் எடுத்த போஸ்ட் மாஸ்டர் ஐயா. ஐயாவுக்கு ஊர் காரைதீவு. நான் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார்.

இலக்கணம் முடிந்து இலக்கியம் தொடங்கியதும்தான் வகுப்பு களைகட்டியது. சிமிலி, மெட்டஃபர் இரண்டும் உவமை, உருவகம் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவை, சிக்கலில்லாமல் போயின. ஹைப்பர்போலி வந்தபோது, உயர்வு நவிற்சிக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்று சேர் கேட்டார். நானா யோசிக்கவேயில்லை. "சேர், இந்தச் சாறியில எனக்கு அஞ்சு சதம் லாபமில்ல, உங்களுக்காகத்தான் இந்த விலை." நர்ஸ் தங்கச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். போன பெருநாளைக்கு முந்திய கிழமை அதே வசனத்தைக் கேட்டுத்தான் அவள் சாறி எடுத்தாளாம்.

ஒனமடோபியாவைச் சொல்லவே எங்களுக்கு வாய் வரவில்லை. "ஏதோ வருத்தத்துக்கு வச்ச பேர் மாதிரிக் கிடக்கு" என்றார் நானா. "எங்கட வாட்டில இப்படி ஒரு கேஸும் வரல்ல" என்றாள் தங்கச்சி. ஒலியை அப்படியே சொல்லாக்குவதுதான் அது என்று விளக்கிய சேர், "சரி, மீன் பாடும் தேன்நாட்டு ஆட்கள்தானே நீங்க, கல்லடிப் பாலத்தடியில மீன் என்னெண்டு பாடும்? எழுதுங்க பாப்பம்" என்றார்.

வகுப்பு கப்சிப். பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்று எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் கேட்டவர் அம்மப்பா, பெரியப்பா, கல்யாணம் கட்டி வெளியூர் போன மாமா. இருக்கிற ஆட்களில் ஒருவருமில்லை. தம்பி "உம்ம்ம்" என்று எழுதினான். நானா "கொர்ர்" என்று எழுதினார். அது தவளை என்று தங்கச்சி வெட்டிவிட்டாள். ஐயா மட்டும் எழுதாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்த மீன்களைப் பற்றி விபுலானந்த அடிகளே பாடியிருக்கிறார்" என்றார். எந்தக் கேள்வியைப் போட்டாலும் ஐயா, தன் ஊரில் பிறந்த தமிழறிஞரான அடிகளாரிடம்தான் போய் நிற்பார். அதில் பிழையுமில்லை; எங்கள் பக்கத்தில் எந்தப் பாதையில் போனாலும் அவர் எதிரே வரத்தான் செய்வார்.

அன்றைக்கு ஐயாவுக்கு நல்ல நாள். அடுத்த பாடம் ஷேக்ஸ்பியரின் பதினெட்டாவது சொனட். "1926இல மதங்க சூளாமணி எண்ட நாடக நூலை எழுதி இந்த மனுசன்ட நாடகங்களைத் தமிழுக்குக் காட்டினவர் எங்கட அடிகளார். அவர் வச்ச பேர் செகசிற்பியார்" என்று ஐயா தொடங்க, அதோடு ஷேக்ஸ்பியர் எங்கள் வகுப்பில் செகசிற்பியார் ஆகிவிட்டார்.

உன்னை ஒரு கோடை நாளுக்கு ஒப்பிடட்டுமா என்றுதான் அந்தப் பாட்டு தொடங்குகிறது. தங்கச்சி புத்தகத்தை மூடினாள். "கச்சான் காத்து அடிக்கிற நாளைச் சொல்றாரா சேர்? என்னை ஒருத்தன் அப்படிச் சொன்னா அவனோட கதைக்கவே மாட்டன்." இங்கிலாந்தின் குளிரைப் பற்றிச் சேர் பாவம் வெகுநேரம் விளக்கினார். கோடையை விட நீ அழகு, கோடை சில நேரம் கூடச் சுடும் என்று அவரே பிறகு சொல்கிறார் பிள்ளை என்றார். "மாரி நாளெண்டு மாத்திப் போட்டா என்ன?" என்று நானா சமாதானம் பேசினார். "மாரியில எங்கட வீட்டுக்குள்ள வெள்ளம் நிக்கும்" என்றாள் அவள். செகசிற்பியாருக்குக் கிழக்கு மாகாணத்தில் பொருந்துகிற காலநிலையே இல்லை.

கடைசியில் வந்தது அந்தப் பாட்டின் சந்தம், ஐயம்பிக் பென்டாமீட்டர். ஒரு வரிக்குப் பத்து அசை. அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையுமாக ஐந்து சோடி. சேர் பலகையில் கோடு போட்டுப் போட்டுக் காட்டினார். நாங்கள் முதல் வரியை விரல் மடித்து எண்ணினோம். எட்டுத்தான் வந்தது. அசையை விட்டுச் சொல்லை எண்ணியிருக்கிறோம்.

அதுவரை மூலையில் இருந்த தம்பி, "சேர், இது தாளக்கட்டுத்தானே?" என்றான். அவன் எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடியில் ஆடுகிறவன். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் அடி வாங்கிப் பழகியவன். மேசையில் உள்ளங்கையைத் தட்டி, "த தீம், த தீம், த தீம், த தீம், த தீம்" என்றான். பிறகு அதே அடியில், "ஷல் ஐ கம்-பெயர் தி டூ அ சம்-மர்ஸ் டே". ஒரு அசை பிசகவில்லை. சேருக்கு வாயெல்லாம் பல்லு. "இன்னொருக்கா!" என்றார். நானா மேசையைப் பிடித்துக்கொண்டார், தங்கச்சி ஸ்கேலால் தட்டினாள், ஐயா எழும்பிக் கால் வைத்தே ஆடத் தொடங்கிவிட்டார். மொத்தம் பதினான்கு வரி. கடைசி இரண்டு வரிக்கும் முடிவு ஓசை ஒன்றாக வந்து விழும் இடத்தில், தம்பி கூத்துக்காரர் மாதிரி தீர்மானம் என்ற முடிவுத் தாளமும் வைத்து முடித்தான்.

படியில் காலடிச் சத்தம். கீழ்க் கடைக்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் நின்றார். கூரையிலிருந்து தூசு கொட்டி, தைத்து வைத்த வெள்ளைச் சட்டையெல்லாம் பாழாம். எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தவர், கோபத்தை விட்டுவிட்டுக் கேட்டார்:

"அரங்கேற்றம் எப்ப சேர்?"

"ஆகஸ்ட்டில" என்றார் சேர். சோதனை அந்த மாதம்தான்.